"இடுக்கியை எடு" என்றால் குழந்தைக்கு எப்படிப் புரிகிறது?

போன மாதம் அக்கா வீட்டு அடுப்படியில் நடந்தது இது. பால் பொங்கி வருகிறது, அக்கா கை இரண்டிலும் மாவு. கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாத்திரங்களைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்த மகளிடம், அவளுக்கு இரண்டேகால் வயசு, "பாப்பா, அந்த இடுக்கியை எடு, சீக்கிரம்" என்றாள். குழந்தைக்கு முன்னால் கிடந்தவை ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு இடுக்கி. அந்த வீட்டில் எப்போதும் பிடிதுணிதான், இடுக்கியே நான் முந்தின நாள் வாங்கிக்கொண்டு போனது, அதனால் அந்தச் சொல்லை அவள் அதற்கு முன் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஒரு நொடி யோசித்தாள். கரண்டியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், இடுக்கியை எடுத்து நீட்டினாள்.

அக்கா "என் தங்கம்" என்று சொல்லிவிட்டுப் பாலை இறக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் விட மனசில்லை. சின்ன வயசில் கேட்பதெல்லாம் பசுமரத்தாணி மாதிரிப் பதியும் என்று சொல்கிறோம். சரி, ஆணி பதிய வேண்டுமென்றால் யாராவது அடிக்க வேண்டுமே? இங்கே யாரும் அடிக்கவில்லை. விரலை நீட்டி "இதுதான் இடுக்கி" என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே துப்பறிந்து எடுத்தாள்.

விரலை நீட்டிச் சொன்னாலும் வேலை முடிந்துவிடாது என்பது இன்னொரு சங்கதி. அமெரிக்கத் தத்துவவாதி வில்லர்ட் குவைன் 1960இல் ஒரு கற்பனைக் காட்சியைச் சொன்னார். மொழி தெரியாத ஊருக்கு ஒரு மொழியியலாளர் போகிறார். குறுக்கே ஒரு முயல் ஓடுகிறது, கூட இருந்த உள்ளூர்க்காரர் "கவகாய்" என்கிறார். முயல் என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். ஆனால் அது ஓட்டத்தைச் சொல்லலாம், காதைச் சொல்லலாம், வெள்ளை நிறத்தைச் சொல்லலாம், 'இன்னைக்குக் கறிச்சோறு' என்றுகூட இருக்கலாம். கண்ணால் பார்ப்பதை மட்டும் வைத்து இதைத் தீர்க்கவே முடியாது என்பது அவருடைய வாதம். குவைனுக்கு அது தத்துவச் சிக்கல், ஒரு வயதுக் குழந்தைக்கோ காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை அதே பிழைப்பு.

பொருளுக்கு வருவதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது, அதை நாம் யோசிப்பதே இல்லை. எழுத்தில்தான் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம், பேச்சில் கிடையாது. அக்கா சொன்னது காதில் விழுவது "அந்தடுக்கியெடு" என்கிற மாதிரி ஒரே இழுவையாகத்தான். இதில் சொல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? 1996இல் ஜெனி சாஃப்ரன் குழுவினர் 8 மாதக் குழந்தைகளுக்கு, அர்த்தமில்லாத மூன்றசைச் சொற்களை இடைவெளியே இல்லாமல் கோத்து இரண்டு நிமிஷம் ஒலிக்கவிட்டார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில், எந்த அசைக்குப் பின்னால் எப்போதும் எந்த அசை வருகிறது, எங்கே அந்தத் தொடர்ச்சி அறுகிறது என்பதைக் குழந்தைகள் பிடித்துவிட்டன. நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், "இடுக்கியை எடு", "இடுக்கியால பிடி", "இடுக்கி எங்க" என்று பத்துத் தடவை கேட்டால் 'இடுக்கி' மட்டும் கலையாமல் நிற்கும், பின்னால் வருவது மாறிக்கொண்டே இருக்கும். சொல் எது, ஒட்டு எது என்பதை அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு வராத 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கே சாப்பாட்டுப் பெயர்களும் உடம்பு உறுப்புப் பெயர்களும் ஓரளவு புரிகின்றன என்று 2012இல் எலிகா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் காட்டினார்கள். ஆக, வாய் திறப்பதற்கு வெகு முன்பே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது இடுக்கிக்கு வருவோம். அவள் செய்ததற்குக் கிட்டத்தட்ட அச்சு அசலான ஒரு சோதனை 1978இல் நடந்தது. சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் இருவரும் மழலையர் பள்ளி ஒன்றில், பாடம் மாதிரித் தெரியாமல், போகிற போக்கில் ஒரு வாக்கியத்தை நுழைத்தார்கள். இரண்டு தட்டுகள், ஒன்று நீலம், இன்னொன்று குழந்தைகளுக்குப் பெயர் தெரியாத ஆலிவ் நிறம். "அந்தக் குரோமியம் தட்டைக் கொண்டு வா, நீலம் இல்லை, குரோமியம்." மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் சரியான தட்டைக் கொண்டுவந்தார்கள். நீலத்துக்குத்தான் நீலம் என்று பெயர் இருக்கிறதே, அப்படியானால் புதுப் பெயர் மற்றதற்குத்தான். நாள் கழித்துக் கேட்டபோது, பலருக்குச் சரியான நிறம் நினைவில்லாவிட்டாலும், குரோமியம் என்பது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்பது மட்டும் மனசில் நின்றிருந்தது.

பெயர் இருக்கும் பொருளுக்கு இன்னொரு பெயர் எதற்கு என்ற இந்தக் கணக்கு குழந்தைகளிடம் பிடிவாதமாகவே இருக்கும். மல்லிகையைக் காட்டி "பூ" என்று சொல்லிப் பாருங்கள், "இல்ல, மல்லி" என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பாலும் மில்க்கும், தண்ணியும் வாட்டரும் ஒரே நாளில் காதில் விழும் நம் வீடுகளில் இந்தக் கணக்கு என்ன ஆகும்? கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைனும் ஜேனட் வெர்க்கரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி, இரண்டு மொழி, மூன்று மொழி கேட்டு வளரும் ஒன்றரை வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். மொழி கூடக் கூட அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. ஒரு மொழிக் குழந்தைகள் புதுச் சொல்லைக் கேட்டதும் பெயர் தெரியாத பொருளையே பார்த்தார்கள், மும்மொழிக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வே தெரியவில்லை. இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதுதான் தன் வீட்டு நடப்பு என்று அந்தக் குழந்தை கண்டுகொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

சரி, எந்தப் பொருள் என்று கண்டுபிடித்தாகிவிட்டது, அந்தச் சொல் வேறு எதற்கெல்லாம் போகும்? இங்கே வடிவம் பெரிய துப்பு. 1988இல் பார்பரா லாண்டோ, லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் மூவரும் லாடம் மாதிரி வளைந்த ஒரு மரத்துண்டைக் காட்டி அதற்கு ஒரு பொய்ப் பெயர் வைத்தார்கள். அதே பெயருள்ள இன்னொன்றை எடுக்கச் சொன்னால், கம்பியில் செய்ததாக இருந்தாலும், பல மடங்கு பெரியதாக இருந்தாலும், வடிவம் ஒன்றாக இருப்பதையே குழந்தைகள் எடுத்தார்கள். பெயர் சொல்லாமல், சும்மா இது மாதிரி ஒன்று எடு என்றால் அந்த அளவு உறுதி இல்லை. பெயர் என்று ஒன்று வந்ததுமே குழந்தை பார்க்கும் விதம் மாறிவிடுகிறது. எலன் மார்க்மனும் ஜீன் ஹச்சின்சனும் 1984இல் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டினார்கள். மாட்டோடு எது சேரும் என்று கேட்டால் பால் பக்கமாகக் கை போகும். 'இதுக்கு இன்ன பேர், அதே பேருள்ள இன்னொன்று எடு' என்று ஒரு பொய்ப் பெயரை நுழைத்தால் பன்றி மாதிரி இன்னொரு விலங்கின் பக்கம் திரும்பும்.

காக்காவைக் கற்ற பிள்ளை புறாவையும் கோழியையும் காக்கா என்பதும், உருண்டையாக எதைப் பார்த்தாலும் நிலா என்பதும் இந்த வகைதான். ஒன்று மட்டும், அப்படிச் சொல்வதால் வித்தியாசமே தெரியவில்லை என்று அர்த்தமில்லை. கோழியைக் காக்கா என்று சொல்லும் பிள்ளையிடம் இரண்டு படத்தையும் வைத்து "காக்கா எது" என்று கேளுங்கள், பெரும்பாலும் சரியாகவே காட்டும். கையில் நூறு ரூபாய்த் தாள் மட்டும் இருப்பவர் பத்து ரூபாய்ச் சாமானுக்கும் அதையே நீட்டுகிற மாதிரி, இருக்கிற சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி கண். டேர் பால்ட்வின் 1990களின் தொடக்கத்தில் ஒரு சின்னத் தந்திரம் செய்தார். குழந்தை ஒரு புது பொம்மையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பெரியவர் வேறொரு பொம்மை இருக்கும் வாளிக்குள் எட்டிப் பார்த்து ஒரு புதுப் பெயரைச் சொல்கிறார். காதில் விழுந்த சொல்லையும் அப்போது கண்ணில் பட்ட பொருளையும் முடிச்சுப் போடுவதுதான் கற்றல் என்றால், குழந்தை தன் கையில் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை. தலையைத் தூக்கினார்கள், சொன்னவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தார்கள், வாளியில் இருப்பதற்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

மைக்கேல் டொமசெல்லோவும் மிஷெல் பார்ட்டனும் 1994இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "டோமாவைத் தேடுவோமா" என்று சொல்லி, பெரியவர் வாளி வாளியாகப் பொருளை எடுக்கிறார். முதலில் வருவதைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பப் போடுகிறார், அடுத்ததையும் அப்படியே, மூன்றாவதைப் பார்த்ததும் முகம் மலர்கிறது, தேடல் நிற்கிறது. சொல் சொன்னபோது எந்தப் பொருளும் கண்முன் இல்லை, பெயர் சொன்னபின் முதலில் கண்ணில் பட்டதும் அது இல்லை. ஆனாலும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு டோமா எது என்று தெரிந்துவிட்டது. நடந்தது பொருளைப் படிப்பது அல்ல, ஆளைப் படிப்பது. என் அக்கா மகளும் அந்த ஒரு நொடியில் என் அக்கா முகத்தையும் பொங்கும் பாலையும் பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. பால் பொங்கும்போது யாருக்கு டம்ளர் வேண்டும்?

திரை முன்னால் உட்காரவைத்துச் சொல் கற்பிக்கும் சமாச்சாரம் ஏன் அவ்வளவாகத் தேறுவதில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஜூடி டிலோச் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 18 மாதக் குழந்தைகள் சொல் கற்பிக்கும் ஒரு பிரபலமான வீடியோவை ஒரு மாதம் வீட்டில் பார்த்தார்கள். வீடியோவே பார்க்காத குழந்தைகளைவிட அவர்களுக்கு ஒரு சொல்கூடக் கூடுதலாகத் தெரிந்திருக்கவில்லை. அதே சொற்களை அன்றாடப் புழக்கத்தில் தங்களுக்குத் தோன்றியபடி சொல்லிக்கொடுங்கள் என்று விடப்பட்ட பெற்றோரின் குழந்தைகளே அதிகம் கற்றிருந்தார்கள். திரையில் இருப்பவரின் கண் குழந்தையின் கையில் இருப்பதைப் பார்க்காது, குழந்தை எதைப் பார்க்கிறது என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி பேசவும் செய்யாது.

இதுவரை சொன்னதெல்லாம் கரண்டி, காக்கா, டம்ளர் ரகம். வினைச்சொல்லுக்கு வந்தால் கதையே வேறு. 1999இல் ஜேன் ஜில்லெட், லைலா கிளைட்மன் குழுவினர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடும் வீடியோவை ஒலியை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அம்மா ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்ன இடத்தில் மட்டும் 'பீப்' சத்தம். அது என்ன சொல்லாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஒரே சொல்லுக்குப் பல காட்சிகள் காட்டியும், பெயர்ச்சொற்களில் சுமார் 45 சதவீதம்தான் பிடிபட்டது, வினைச்சொற்களில் சுமார் 15 சதவீதம். கல்லூரியில் படிக்கும் பெரியவர்களின் கதி இது. 'நினை', 'தெரியும்' மாதிரிச் சொற்களைப் படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? நினைப்பதற்கு உருவம் ஏது?

கிளைட்மனின் விடை, வாக்கியமே துப்பு என்பது. ரோஜர் பிரவுன் 1957இலேயே இதற்கு அடிபோட்டிருந்தார். பாத்திரத்தில் ஏதோ ஒன்றைக் கைகள் பிசைவது போல ஒரு படம். நம் மொழியில் வைத்துச் சொன்னால், "மிப்புறாங்க பாரு" என்றால் பிசைவதை நினைப்பீர்கள், "ஒரு மிப்பு" என்றால் பாத்திரத்தை, "கொஞ்சம் மிப்பு" என்றால் மாவு மாதிரி எதையோ. மிப்பு என்று ஒன்று கிடையாது, ஆனாலும் மூன்றும் உங்களுக்கு வேறுவேறாகப் புரிந்தது. பிரவுன் சோதித்த ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் இப்படித்தான் பிரித்துக்காட்டினார்கள். லெடிஷியா நேகல்ஸ் 1990இல் இரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையும் இதே வழி. வாத்து முயலைக் குனியவைக்கிறது, கூடவே இரண்டும் கையைச் சுழற்றுகின்றன. புதிய வினைச்சொல்லை 'வாத்து முயலை' என்கிற அமைப்பில் கேட்டவர்கள் ஒன்று மற்றதைக் குனியவைக்கும் படத்தைப் பார்த்தார்கள், 'வாத்தும் முயலும்' என்கிற அமைப்பில் கேட்டவர்கள் இரண்டும் கை சுழற்றும் படத்தைப் பார்த்தார்கள்.

ஆங்கிலத்தில் இது சரி. நம் பக்கத்து மொழிகளில் 'யார்', 'யாரை' இரண்டையுமே விழுங்கிவிட்டுப் பேசலாமே? "உருட்டிட்டான்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் நமக்கு வேறொரு துப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது: உருண்டது, உருட்டினான், ஏறினான், ஏற்றினான். கன்னடத்தில் இதற்கு 'இசு' என்ற ஒட்டு உண்டு, அது வந்தால் ஒருவர் மற்றதைச் செய்யவைக்கிறார் என்று அர்த்தம். ஜெஃப்ரி லிட்ஸும் கிளைட்மன் தம்பதியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் கன்னடம் பேசும் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பொம்மை விலங்குகளைக் கொடுத்து வாக்கியத்தை நடித்துக்காட்டச் சொன்னார்கள். ஒட்டுத்தான் நம்பகமான துப்பு, பெரியவர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ஆகவே பிள்ளைகளும் அதைத்தான் பிடிப்பார்கள் என்று நான் நினைத்திருப்பேன். அப்படி நடக்கவில்லை. வாக்கியத்தில் இரண்டு பெயர் வந்தால் செய்யவைப்பதாக நடித்தார்கள், ஒன்று வந்தால் தானாக நடப்பதாக நடித்தார்கள், ஒட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கேட்பதை அப்படியே பிரதி எடுக்கிறார்கள் என்ற கட்சிக்கு இது நல்ல அடி. குழந்தை ஏதோ ஒரு எதிர்பார்ப்போடு வருகிறது, அதை வைத்துத்தான் முதலில் தட்டுத் தடுமாறி ஆரம்பிக்கிறது, தன் மொழியின் சாமர்த்தியங்கள் அதற்கு அப்புறம்தான் கைவருகின்றன.

லாண்டோவும் கிளைட்மனும் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு குழந்தையைப் பற்றி 1985இல் எழுதியது இன்னும் நெருக்கமானது. "மேலே பார்" என்றால், கண்ணைக் கட்டிவிட்ட பார்வையுள்ள குழந்தை முகத்தை மேலே தூக்கும். இந்தக் குழந்தை கைகளை மேலே தூக்கியது. மேசையைத் தொடலாம், ஆனால் பார்க்கக் கூடாது என்று சொன்னால் லேசாகத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது, இப்போது பார்க்கலாம் என்றதும் கையால் முழுக்கத் தடவி ஆராய்ந்தது. அதற்குப் பார்ப்பது என்றால் கையால் தடவி அறிந்துகொள்வது, தொடுவது என்றால் சும்மா படுவது. ஆங்கிலத்தில் இது ஆச்சரியமான செய்தி. தமிழில் படித்தால் அவ்வளவு வியப்பாக இல்லை, ஏனென்றால் நாம் தினமும் தொட்டுப் பார்க்கிறோம், மோந்து பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம். கண்ணில்லாத அந்தக் குழந்தை தானாகக் கண்டுபிடித்த பொருளை நம் மொழி எப்போதோ எடுத்து வைத்திருக்கிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2024இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு குழந்தை 6 மாதத்திலிருந்து 25 மாதம் வரை தலையில் மாட்டியிருந்த கேமராவின் 61 மணி நேரப் பதிவை மட்டும், தானாகக் கற்றுக்கொள்ளும் ஒரு கணினி நிரலுக்குக் கொடுத்தார்கள். அது அந்தக் குழந்தை விழித்திருந்த நேரத்தில் சுமார் 1 சதவீதம்தான். ஆளைப் படிக்கும் திறமை எதுவும் ஊட்டப்படாத அந்த இயந்திரம், எந்தச் சொல் வரும்போது எந்தக் காட்சி வருகிறது என்ற கணக்கை மட்டும் வைத்து, நான்கு படங்களில் சரியானதைச் சுமார் 62 சதவீதம் தடவை எடுத்தது. ஆகவே கண்ணில் படும் பொருளின் பெயருக்குச் சும்மா முடிச்சுப் போடுவதும் கொஞ்சம் தூரம் இழுக்கும் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சோதனையில் 'நினை' இல்லை, 'தெரியும்' இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உறவுப் பெயர்களில் நம் பிள்ளைகள் படும் பாடு தனி. அம்மாவின் அண்ணனும் மாமா, மூலைக் கடைக்காரரும் மாமா. பெற்ற மகளையே "வாம்மா" என்கிறோம், மகனை "என்னப்பா" என்கிறோம். இதற்குப் பரிகாரமாகத்தானோ என்னவோ, குழந்தையிடம் பேசும்போது வீடு மொத்தமும் அதன் பக்கம் போய் நின்றுகொள்கிறது, அக்கா தன் புருஷனையே "அப்பா எங்க?" என்கிறாள், என்னைத் "தம்பி" என்று கூப்பிடுபவள் மகளிடம் "மாமாகிட்ட போ" என்கிறாள். இருந்தாலும், ஒருவருக்கு மாமா என்றால் இன்னொருவருக்கு வேறு யாரோ என்பது பிடிபட வருஷங்கள் ஆகும். குழந்தை உளவியலாளர் பியாஜே 1920களில் சுவிஸ் பிள்ளைகளிடம் கண்டதும் இதுதான்: தனக்கு ஒரு சகோதரன் உண்டு என்று சொல்லும் சிறுவனிடம், அந்தச் சகோதரனுக்குச் சகோதரன் உண்டா என்று கேட்டால் இல்லை என்பான்.

இடுக்கிக் கதையில் ஒரு திருத்தமும் பாக்கி இருக்கிறது. சரியாக எடுத்துக் கொடுத்த நாலாம் நாள், "இடுக்கி எங்க பாப்பா" என்று கேட்டேன், கரண்டியைக் காட்டினாள். அக்காவுக்கு ஏமாற்றம். 2008இல் ஜெசிகா ஹார்ஸ்ட், லாரிசா சாமுவல்சன் செய்த சோதனையைச் சொல்லித்தான் சமாதானம் செய்தேன்: இரண்டு வயதுப் பிள்ளைகள் புதுச் சொல்லுக்கான பொருளைச் சரியாக எடுக்கிறார்கள், ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் மறந்துபோயிருக்கிறது. அந்த நேரத்துக்கு ஊகிப்பது வேறு, சொல் சொந்தமாவது வேறு. இரண்டாவது மெல்லத்தான் நடக்கும், பல தடவை, பல இடத்தில் கேட்டுக் கேட்டு.

அப்புறம் இரண்டு வாரம் அந்த இடுக்கி தினமும் புழங்கியது. துணி காயப்போடும் கிளிப்பை இடுக்கி என்றாள், அக்காவின் தலை கிளிப்பையும். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் கூடைக்குள் நண்டு ஒன்று முன்காலை விரித்துக் காட்டியதும் "மாமா, இடுக்கி!" என்று கத்தினாள். மீன்காரம்மா சிரித்துக்கொண்டே "இடுக்கி இல்ல கண்ணு, கொடுக்கு" என்றார். குழந்தை வீட்டுக்கு வரும் வரை ஒன்றும் பேசவில்லை. வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், ஆணியில் தொங்கிய இடுக்கியைக் காட்டி, "அம்மா, கொடுக்கு" என்றாள்.